கழிவறைக் கதவின் மேல் இருந்த பெட்டி

பிலோமினா அக்கா இறந்த செய்தி, மதகடிப்பட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கைகூப்பும் படம், அவர் பெயர், ‘ஆழ்ந்த இரங்கல்’. அதற்கு நேர் கீழே, மதிய ஷிப்டில் ஆள் குறைவு, யாரும் லீவு கேட்க வேண்டாம் என்ற அறிவிப்பு. இரண்டையும் போட்டவர் எங்கள் மேனேஜர். கம்பெனி பஸ் வந்தது, நான் ஏறவில்லை. வில்லியனூர்ப் பக்கம் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன்.

திருபுவனைத் தொழிற்பேட்டையில் அவரோடு வேலை பார்த்த உங்களில் பலருக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரங்கல் கூட்டத்தில் பேசியதெல்லாம் வேறு யாரையோ பற்றியதாக இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

அவர் டெஸ்டிங் இன்ஜினியர், நான் அவர் பிரிவில் இருந்தவள். கிடங்கில் சுமை தூக்கி ஓடும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஆள்மேல் ஏறாமலிருக்க ஒரு கருவி செய்தோம். வண்டியில் ஒரு பெட்டி, தொழிலாளியின் சட்டையில் ஒரு டேக். அல்ட்ரா வைட்பேண்ட் என்னும் ரேடியோ அலை இரண்டுக்கும் இடையே போய்வர எடுக்கும் நேரத்தை வைத்துத் தூரம் கணக்காகும். ஆள் நெருங்கினால் வண்டி தானாக வேகம் குறையும். சோதனையின்போது டேக்கை நெஞ்சில் மாட்டிக்கொண்டு வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றார் அக்கா. திரையில் தூரம் கூடுதலாகக் காட்டியது. நேராக வரும் அலையை உடம்பு மறைத்துவிட, சுவரில் பட்டுச் சுற்றி வந்த அலையை அது அளந்திருந்தது. “முதுகு காட்டிட்டு நிக்கிறவன்தான் அடிபடுவான். டேக்க ஹெல்மெட் மேல வைங்க” என்றார். சட்டையில் மாட்டும் படத்தோடு அச்சடித்த அட்டைப்பெட்டிகளை மாற்றவேண்டி வருமே என்று பல வாரம் இழுத்தார்கள். ஹெல்மெட்டுக்கு மாறும்வரை கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றார் அக்கா.

பிறகு அதே டேக்கை எங்களுக்கே மாட்டினார்கள். பாதுகாப்புக்கு என்றார்கள். ஒரு நாள் பெண்கள் கழிவறைக் கதவின் மேல், வண்டியில் இருப்பது போன்ற ஒரு பெட்டி முளைத்திருந்தது. மறுவாரம் காலைக் கூட்டத்தில், கதவுக்கு அந்தப் பக்கம் யார் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று சூப்பர்வைசர் பெயர் சொல்லி வாசித்தார். முதல் பெயர் பாகூரிலிருந்து வரும் ஒரு பெண்ணுடையது. ஆண்கள் சிலர் சிரித்தார்கள். அவள் டேக்கைக் கையில் பொத்திக்கொண்டு தலை குனிந்து நின்றாள். வாசித்து முடித்ததும் நானும் மற்றவர்களைப் போல என் மேசைக்குப் போனேன்.

அக்கா ஸ்டூல் போட்டு ஏறி அந்தப் பெட்டியைக் கழற்றி, மேனேஜர் மேசையில் கொண்டுபோய் வைத்தார். “அது வெறும் டேட்டா மேடம்” என்றார் மேனேஜர்.

“ஆள் சாவாம இருக்கத்தான் சார் இத அளந்தேன். பொம்பள ஒண்ணுக்குப் போறத அளக்க இல்ல.”

பெட்டி திரும்ப அங்கே வரவில்லை. அக்காவை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். சோதனை அறைக்குள் அவர் வரக்கூடாது என்றார்கள். புற்றுநோய் வந்து படுத்தபோது அலுவலகத்திலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

இரங்கல் கூட்டம் கேன்டீனில் நடந்தது. பேனரில் அவர் படம், பக்கத்திலேயே விற்பனைக்கு வந்திருக்கும் புது டேக்கின் படம். “நம் பாதுகாப்பின் முகம்” என்றார் மேனேஜர். மாலை போட்டார். போட்டோ சரியாக விழவில்லை என்று மாலையைக் கழற்றி மறுபடி போட்டார். முகத்தை முதல் தடவை போலவே சோகமாக வைத்துக்கொண்டார். செத்தவரை இதற்குமேல் அசிங்கப்படுத்த முடியாது.

அக்காவின் சிரிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை பேசு என்று என்னை அழைத்தார்கள். கழிவறைக் கதவைப் பற்றிப் பேசினேன். மைக்கை அணைத்தார்கள். மீதியை மைக் இல்லாமலே சொன்னேன்.

முன்வரிசையில் இருந்த அக்காவின் தம்பி வெளியே வந்து என்னிடம், “இதெல்லாம் அது வூட்ல சொல்லவே இல்லம்மா. வேலை மாத்திட்டாங்கன்னு மட்டும் சொல்லுச்சு” என்றார். தம்பியின் மனைவி அழுதுகொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது கேன்டீன் வாசலில் பெட்டி வைக்கப்போகிறார்கள். சோதித்துத் தரச் சொல்லி என்னிடம் வந்தார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல்தான்.