ஐஸில் வைத்த துண்டு

இதை எழுதுவதற்கு நான் ஆளில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். வீட்டுக்கு நாலு பேர் வந்தால் குசினிக்குள் போய் நின்றுகொள்கிறவள். வியாதி, தசை, கலம் என்பவை பற்றிப் படித்தவர்கள்தான் எழுத வேண்டும். எங்கேனும் பிழையாகச் சொல்லியிருந்தால் வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் அக்காவுக்கு நடந்ததை எழுத இப்போது வேறு ஒருவரும் இல்லை என்பதால்தான் துணிந்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நெடுந்தீவில் கடற்றொழில் செய்யும் வேதக்காரக் குடும்பம் எங்களுடையது. அக்காவும் அத்தானும் நானும் ஒரே வளவில் இருந்தோம். எனக்கு அப்போது கலியாணம் ஆகவில்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அத்தான் மீன் பிடிப்பதோடு முதலாளியின் வாடியில் மீனுக்கு ஐஸ் போட்டுப் பெட்டி கட்டும் வேலையும் செய்வார். அவர் கட்டிய பெட்டி யாழ்ப்பாணம் போய்த் திறக்கும்போதும் மீனின் கண் கலங்கியிருக்காது என்று முதலாளியே சொல்வார். அந்தப் பெயரில் அத்தானுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அக்காவின் கழுத்தில், தாடைக்குக் கீழே, ஒரு கட்டி வந்தது. நெறி கட்டியிருக்கிறது என்று எல்லோரும் நினைத்தோம். மஞ்சள் அரைத்துப் பூசினாள், ஒத்தடம் கொடுத்தாள். கட்டி வற்றவில்லை. நோவும் இல்லை. நோகாதபடியால் அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கொட்டைப்பாக்கு அளவுக்கு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

மாதத்துக்கு ஒரு தடவை யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சத்திரசிகிச்சை டாக்டர் வள்ளத்தில் வந்து நோயாளிகளைப் பார்ப்பார். கட்டியை அமத்திப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"இது சும்மா நெறியோ, கசரோகமோ, புற்றுநோயோ எண்டு கையாலை தொட்டுச் சொல்லேலாது, அம்மா. மூண்டுக்கும் மூண்டு வைத்தியம். ஒரு சின்னத் துண்டு வெட்டியெடுத்துச் சோதிச்சாத்தான் தெரியும்."

"ஒருக்கால்தானே, டாக்டர்?" என்று அக்கா கேட்டாள்.

"ஒருக்கால்தான்."

"அப்ப வெட்டுங்கோ. ரெண்டாந்தரம் நான் வரமாட்டன்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் என் கையை அவள் பிடித்த பிடியில் எனக்கு விரல் நொந்தது.

விறைப்பு ஊசி போட்டு வெட்டினார்கள். துண்டை ஒரு சின்ன மருந்துப் போத்தலில் போட்டு, தண்ணீர் போன்ற ஒரு திரவத்தை விட்டு, மூடி, அத்தானிடம் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் இதையெல்லாம் நோயாளியின் ஆட்கள்தான் யாழ்ப்பாணத்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். "நாளைக்கே குடுத்திடுங்கோ, திறக்க வேண்டாம்" என்று சொன்னார்கள். ஏன் திறக்கக் கூடாது என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் கரையிலிருந்து செய்தி வந்தது. கடற்படைப் படகுகள் நிற்கின்றன, நாளைக்கு ஒரு வள்ளமும் ஓடாது, எப்போது ஓடும் என்றும் தெரியாது.

அத்தான் போத்தலை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காலையில் இளஞ்சிவப்பாக இருந்த துண்டு ஓரமெல்லாம் வெளுத்து விறைத்திருந்தது. மூடியைத் திறந்தார். குப்பென்று ஒரு நெடி வந்தது. எங்கள் மூன்று பேருக்கும் கண் எரிந்தது.

"இஞ்சை பாருங்கோ, தேசிக்காய்ப்புளி விட்ட இறால் மாதிரி வெந்து வருது" என்றார் அத்தான். "நாளைக்குக் குடுக்கிறதெண்டால் பரவாயில்லை. எத்தினை நாளைக்கு உதுக்குள்ளை கிடக்கிறது? கரைஞ்செல்லோ போகும்."

"திறக்க வேண்டாமெண்டவை" என்றேன்.

"வள்ளம் ஓடாதெண்டு அவைக்குத் தெரியுமே, மச்சாள்? தெரிஞ்சிருந்தால் வேறை விதமாச் சொல்லியிருப்பினம்."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அக்காவும் கழுத்தில் கட்டோடு கட்டிலில் இருந்தபடி, "அவர் சொல்லுறது சரி. பழுதாகாமல் வைக்கிறதிலை அவரை விட ஆர் இருக்கினம்?" என்றாள்.

அத்தான் அந்தத் திரவத்தை வேலியோரம் ஊற்றினார். துண்டை நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவினார். அவர் எந்த மீனையும் அவ்வளவு பக்குவமாகத் தொட்டு நான் பார்த்ததில்லை. போத்தலை வெந்நீரில் அலம்பித் துடைத்துத் துண்டை உள்ளே வைத்து மூடினார். வாடியில் உமிக்குள் மிச்சமிருந்த ஐஸைக் கொண்டுவந்து உடைத்துப் பால்மாத் தகரப் பேணி ஒன்றில் போட்டு, குளிர் ஏற உப்பும் தூவி, நடுவில் போத்தலைப் புதைத்தார். பேணியைப் பனையோலைப் பெட்டிக்குள் வைத்துச் சுற்றிவர உமி போட்டார்.

"இனிக் கொழும்புக்கும் கொண்டு போகலாம்" என்றார்.

வள்ளம் ஓடச் சில நாட்கள் சென்றன. ஒவ்வொரு நாளும் அவர் பேணியில் தண்ணீரை வடித்துப் புது ஐஸும் உப்பும் போட்டார். வாடியில் ஐஸ் முடியப்போகும் நேரத்தில் வள்ளம் ஓடத் தொடங்கியது.

ஆம்பிளைகளைச் சோதனையில் மறித்துவிடுவார்கள் என்ற பயத்தில் என்னைத்தான் அனுப்பினார்கள். நான் தனியாக யாழ்ப்பாணம் போனது அதுதான் முதல் தடவை. குறிகட்டுவான் துறையில் இறங்கி பஸ் ஏறும்போதே பெட்டி ஒழுகத் தொடங்கிவிட்டது. மடியில் வைத்திருந்தேன். சட்டை நனைந்து காலெல்லாம் தண்ணீர்.

பக்கத்தில் இருந்த மனிசி எட்டிப் பார்த்தாள். "என்ன பிள்ளை, பாரையோ?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தலையை ஆட்டினேன்.

"பாரையெண்டால் எனக்கும் ஒரு துண்டு தாருமன். வீட்டிலை மருமோன் வந்து நிக்கிறார்."

பின்னால் இருந்த ஒரு கிழவர், "அவ தரமாட்டா. மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டு போறா போலை" என்றார். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தேன். அக்காவின் கழுத்துத் துண்டு மடியில் கிடக்க அவர்களோடு சேர்ந்து சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

ஆய்வுகூடத்தில் பெட்டியை வாங்கியவர் பேணியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதென்ன, சந்தைக்கு வந்தனீரோ?" என்றார். பிறகு போத்தலைத் தூக்கிப் பார்த்தார். அவருடைய முகம் மாறியது. "உள்ளை விட்ட மருந்து எங்கை?"

"ஊத்திப்போட்டம்."

அவர் வேறு திரவம் விட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மூன்று கிழமை கழித்து வரச் சொன்னார்கள்.

மூன்று கிழமை கழித்துப் போனபோது ஒரு டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். அக்காவின் வயதுதான் இருக்கும். கதிரையைக் காட்டி, "இரும் தங்கச்சி" என்றார். நான் நுனியில் இருந்தேன்.

"ஐஸிலை வைச்சது ஆர்?"

"அத்தான். பழுதாகக் கூடாதெண்டு."

டாக்டரம்மா மேசையில் இருந்த நுணுக்குக்காட்டியை என் பக்கம் திருப்பினார். "ஒரு கண்ணாலை பாரும். முதல் இது, வேறை ஒராளின்ர."

எனக்கு முதலில் என்னுடைய கண் இமைதான் தெரிந்தது. பிறகு தெளிந்தது. ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றின் நடுவிலும் கறுத்த பொட்டு. எங்கள் ஊர்க் கல்மதில் போல ஒன்றோடொன்று இறுகி அடுக்கியிருந்தன.

"உதுதான் கலம். அந்தக் கறுத்த பொட்டின்ர அளவையும் வடிவத்தையும் பார்த்துத்தான் புற்றுநோயோ இல்லையோ எண்டு சொல்லுறது." கண்ணாடித் தட்டை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார். "இது உம்மடை அக்காவின்ர."

பேத்தை மீன் கடித்த வலை போல இருந்தது. எங்கும் ஓட்டை. ஓட்டைகளுக்கு இடையில் கிழிந்து நசிந்த நூல்கள். ஊதா நிறம் ஊறிப் பரவியிருந்தது. பொட்டு ஒன்றையும் என்னால் காண முடியவில்லை.

"ஒவ்வொரு கலத்துக்குள்ளையும் தண்ணி இருக்கு" என்றார் அவர். "ஐஸாகேக்கை அந்தத் தண்ணி ஊசி ஊசியா உறைஞ்சு கிழிச்சுப்போடும். பேந்து கரைஞ்சு, திரும்ப உறைஞ்சு, எல்லாம் போச்சு. அந்த மருந்து உள்ளுக்கு ஊற முதல் எடுத்திட்டியள்."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அத்தானுக்காக ஒன்று கேட்க வேண்டும் போலிருந்தது. "மீன் பழுதாகிறேல்லையே, டாக்டர்?"

"மீனை உறையவிட்டாலும் இதுதான் நடக்கும், தங்கச்சி. நீங்கள் அதைக் கறி வைக்கிறியள். கிழிஞ்சிருந்தால் என்ன, கிழியாட்டில் என்ன?"

"அது வெள்ளையாப் போச்சு. வேகுதெண்டு நினைச்சம்."

"வேகேல்லை. உயிரோடை இருக்கேக்கை எப்பிடி இருந்ததோ அப்பிடியே நிப்பாட்டி வைக்கிற மருந்து அது. வருசக்கணக்கா வைக்கலாம்."

"இப்ப அக்காவுக்கு என்ன வருத்தமெண்டு?"

"புற்றுநோயெண்டும் சொல்லேலாது, இல்லையெண்டும் சொல்லேலாது. என்னெண்டு தெரியாமல் ஒருத்தரும் புற்றுநோய்க்குக் கரண்டு பிடிக்கவோ கசத்துக்கு மருந்து குடுக்கவோ மாட்டினம். திரும்ப ஒரு துண்டு வேணும். கெதியா வேணும், தங்கச்சி. கழுத்துக்கட்டியைக் கனநாள் வைச்சிருக்கக் கூடாது."

ஒரு புதுப் போத்தலில் அந்தத் திரவத்தை அரைவாசிக்கு விட்டு, மூடியைச் சுற்றிப் பிளாஸ்டர் ஒட்டி, என்னிடம் தந்தார். "இதுக்குள்ளை போடச் சொல்லும். வள்ளம் ஓடாட்டிலும் பயமில்லை. ஒருத்தரும் திறக்க மட்டும் வேண்டாம்."

அன்றைக்கு பஸ்ஸில் என் மடி நனையவில்லை. ஒருவரும் என்னோடு கதைக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அத்தான் கடலுக்குப் போயிருந்தார். அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கழுத்தைத் தடவிக்கொண்டு கேட்டாள். வெட்டின இடம் ஆறியிருந்தது. அதற்குக் கீழே கட்டி முந்தியதிலும் பெருத்திருந்தது.

"எடி, அவரிட்டை ஐஸைப் பற்றிச் சொல்லிப்போடாதை" என்றாள் முதலில். "துண்டு சின்னனாம், காணாதாம் எண்டு சொல்லுவம்."

"உனக்குத் திரும்ப வெட்ட வேணுமாம், அக்கா."

"அது வெட்டட்டும். என்ர கழுத்திலை அவைக்குத் தேவையானளவு கிடக்கு." சிரித்தாள். பிறகு, "ரெண்டாந்தரம் வரமாட்டனெண்டு டாக்டரிட்டைப் பெரிய கதை கதைச்சனான். இப்ப எந்த மூஞ்சையோடை போறது?" என்றாள்.

அத்தான் வந்ததும் அவள் சொன்னபடியே சொன்னேன்.

"காணாதோ? ஒரு நகத்தளவு வெட்டினவையே" என்றார்.

"இன்னும் பெரிசா வேணுமாம்" என்றாள் அக்கா. "பெரிய மீனுக்குப் பெரிய துண்டுதானே?"

அவர் சிரிக்கவில்லை. மேசையில் இருந்த போத்தலைக் கண்டுவிட்டார். எடுத்து வெளிச்சத்தில் பிடித்து ஆட்டினார். பிளாஸ்டரைத் தடவினார். மூடியை மூக்கருகில் கொண்டு போனார். எவ்வளவு இறுக்கி மூடியிருந்தாலும் அந்த நெடி கொஞ்சம் வந்திருக்க வேண்டும். அவர் கண்ணைச் சுருக்கினார்.

"உந்தத் தண்ணியிலைதான் திரும்பவும் போடச் சொல்லினமோ?"

"ஓம்."

"திறக்கக் கூடாதெண்டு பிளாஸ்டரும் ஒட்டி விட்டிருக்கினம்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"ஐஸ்தானே, மச்சாள்?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. போத்தலை அலுமாரிக்குள், மாதா படத்துக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தார். வெளியே போய், உமி கிடந்த அந்தப் பனையோலைப் பெட்டியை எடுத்துக் கிணற்றடியில் கழுவத் தொடங்கினார். கழுவ அதில் ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் கனநேரம் கழுவினார்.

"விடுங்கோ" என்று அக்கா குசினி வாசலில் நின்று கூப்பிட்டாள். "நாளைக்குக் கிளினிக்தானே. டாக்டர் வருவார். வெட்டினவுடனை அதுக்குள்ளை போடுவம். தங்கச்சி கொண்டு போவாள். ஒரு மாதந்தானே பிந்தினது."

"ஒரு மாதம்" என்றார் அத்தான்.

மறுநாள் விடிய அக்கா முழுகிச் சட்டை மாற்றிக்கொண்டு கதிரையில் இருந்தாள். கடற்படைப் படகுகள் நின்றதால் குறிகட்டுவானிலிருந்து வள்ளம் வரவில்லை. டாக்டரும் வரவில்லை. அத்தான் மத்தியானம்வரை கரையில் நின்றுவிட்டு வந்து சாப்பிட்டார். போத்தல் அலுமாரிக்குள் இருந்தது.