யாரும் கேட்கவில்லை

நான் உத்திரமேரூரில் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். பாலாற்று மணல் பள்ளங்களைப் பற்றி எழுத வந்த வெளிநாட்டு நிருபருக்கு மொழிபெயர்க்கப் போனேன். திருமுக்கூடலில், பள்ளத்தில் மூழ்கிய மகனைப் பற்றி ஒரு விவசாயி பேசினார்.

ஒரு வாரம் கழித்து அந்த வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து எனக்கு அழைப்பு. அச்சேறும் முன் அந்த விவசாயி சொன்னதை அவரிடமே படித்துக்காட்ட வேண்டுமாம். வேலையற்றவர்கள் என்று நினைத்துக்கொண்டே போனில் படித்தேன்.

“எல்லாம் சரியாத்தான் கீது சார்,” என்றார். “நம்மூரு பேப்பர்ல, குடிச்சிட்டு வியுந்துட்டான்னு போட்டாங்க. அவன் பாக்குகூட போட மாட்டான். அப்ப இன்னாத்துக்கு யாரும் என்னாண்ட கேக்கல?”

போலீஸ் கொடுத்த குறிப்பை அப்படியே அனுப்பியவன் நான்தான். “விசாரிக்கிறேன்” என்று சொல்லி போனை வைத்தேன்.

இன்று காலையும் ஸ்டேஷனிலிருந்து ஒரு குறிப்பு வந்தது. அப்படியே அனுப்பிவிட்டேன்.