பெயரைப் புதைத்த குழி

அழகர் செத்திருந்தால், தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருந்த கீழ்க்கணக்கு லயம் அவனுக்காக மாரடித்து அழுதிருக்கும். அவன் பிழைத்துத் திரும்பி வந்தான். அதை யாராலும் பொறுக்க முடியவில்லை, அவன் பெண்டாட்டி வேலாயியைத் தவிர.

இலங்கை மலைநாட்டில், ஹாலிஎலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம் அது. பகலில் எல்லாரையும் போல அவனும் தேயிலைச் செடியைக் குறுக்கிக் கவ்வாத்து வெட்டினான், மழைத் தண்ணி ஓடக் கான் வெட்டினான். ஆனால் அவன் உயிர் இருந்தது லயத்துக்குக் கீழே, ஓடைப் பள்ளத்தில். எழுபத்து நாலில் மாவும் அரிசியும் கிடைக்காமல் லயங்களில் சனம் சுருண்டு விழுந்தபோது, மானாப்புல் மண்டிய அந்தப் பள்ளத்தை அவன் ஒருத்தனாகக் கொத்தித் திருத்தினான். முதலில் மரவள்ளி வைத்தான். பிறகு போஞ்சிக் கொடி. அப்புறம் கோவா, முட்டைக்கோஸைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள். வேலை முடிந்து வந்தால் வீட்டுக்குள் ஏறமாட்டான், நேரே பள்ளத்துக்குத்தான் போவான். கோவாவுக்கே தாலி கட்டியிருக்கலாம், தனக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்று வேலாயி தண்ணி பிடிக்கும் பீலியடியில் சொல்லிச் சிரிப்பாள்.

தோட்டத்தை அரசாங்கம் எடுத்த பிறகு புதிதாக ஒரு தொரை வந்தார். பள்ளத்தில் தேயிலை நடவேண்டும், காய்கறி எல்லாவற்றையும் பிடுங்கு என்றார். கோவா தலை கட்டி, இறுகி, வெட்டுக்கு நின்ற சமயம். இன்னும் கொஞ்ச நாள் தரும்படி அழகர் ஆபீஸ் வாசலில் போய் நின்றான். தொரை வெளியே வரவேயில்லை.

காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பவன் கங்காணி சின்னராசா. பிடுங்கப் போகும் ஆட்களில் அழகரையும் சேர்த்தான். மண்ணைப் பழகினவன், சுருக்காக முடிப்பான் என்றான். அழகர் போனான். தன் கையால் வைத்ததைத் தன் கையாலேயே பிடுங்கினான். கூட வந்தவர்கள் ஆளுக்கு இரண்டு மூன்று தலையைச் சாக்கில் போட்டுக் கொண்டார்கள். பசி பார்த்த சனம், வீணாக்குமா? அன்று சாயங்காலம் லயம் முழுக்க கோவா வெந்த மணம். பக்கத்துக் காம்பறாவில் குடியிருந்தவள் நல்ல மனதோடு ஒரு கிண்ணம் கோவாச் சுண்டல் கொண்டுவந்து கொடுத்தாள். அழகர் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தபடி இருந்தான். தொடவில்லை.

அதன் பிறகு அவன் பேச்சு குறைந்தது. சோறு குறைந்தது. வேலை முடிந்தால் வெறும் பள்ளத்தில் போய்க் குந்திக்கொண்டான். தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்தய்யா சத்து மாத்திரை கொடுத்தனுப்பினார். வேலாயி தொழிற்சங்கத் தலைவர் வீரசிங்கத்திடம் போய், அவரோட முகமே சரியில்லை, யாராவது கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசுங்க என்று கெஞ்சினாள். வீரசிங்கம் கூட்டத்துக்குக் கிளம்பிக் கொண்டிருந்தார்.

“சம்பளம், பேர் வெட்டு, ஒழுகுற கூரை, இதுக்கெல்லாம் தொரைகிட்டப் பேசலாம் வேலாயி. ஒருத்தன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கான்னு என்னான்னு பேசுறது?”

சங்கத்தின் கோரிக்கைகளில் மனசு என்று ஒன்று இல்லை. தொழிலாளிக்கு வயிறு உண்டு, முதுகு உண்டு, சந்தா கொடுக்கக் கை உண்டு. அவ்வளவுதான் எழுதி வைத்திருந்தார்கள்.

லயத்து ஆண்கள் வேறு மாதிரி மருந்து கொடுத்தார்கள். கோவாவுக்குக் கருமாதி எப்போது, எங்களுக்குச் சோறு உண்டா என்று கேட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அழகரும் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் வேலாயி அவனைத் தனியே விடப் பயந்தாள்.

ஒரு நாள் மத்தியானம் அவனைப் பள்ளத்திலிருந்து தூக்கி வந்தார்கள். சாக வேண்டும் என்றுதான் செய்திருந்தான். எப்படி என்பது இங்கே வேண்டாம். தேயிலைப் பெட்டி ஏற்றி நின்ற லொறியில் அவனைக் கிடத்தினார்கள். வேலாயிக்கு இடமில்லை என்று விட்டுவிட்டுப் போனார்கள். டிரைவர் கந்தப்பன் திரும்பி வந்து, இறக்கும்போதே மூச்சைக் காணோம், முடிந்தது என்றான். அப்படிப் போனவன் எவனும் அதுவரை லயத்துக்குத் திரும்பியதில்லை. ஆகவே யாரும் ஆபீஸில் போய் விசாரிக்கவில்லை. சாவுத் தப்பு அடித்தார்கள். குழி வெட்டினார்கள். பெண்கள் வேலாயியின் தாலியில் கை வைத்தார்கள். பிணத்தைக் கண்ணால் பார்க்காமல் கழற்றமாட்டேன் என்று அவள் கையைத் தட்டிவிட்டாள்.

மறுநாள் ஆபீஸுக்கு டெலிபோன் வந்தது. ஆள் உயிரோடு இருக்கிறான்.

சந்தோஷப்பட வேண்டிய லயம் பயந்து போனது. வெட்டின குழியை வெறுமனே மூடக்கூடாது, மூடினால் அது இன்னொரு ஆளைக் கேட்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஒரு வாழைமரத்தை வெட்டி, வெள்ளைத் துணி சுற்றி, தப்போடு தூக்கிப் போய்க் குழியில் இறக்கினார்கள். சாவு ஏமாந்து போகட்டும் என்று, அழகர் போயிட்டான், அழகர் போயிட்டான் என்று சத்தமாகச் சொல்லி மண்ணைத் தள்ளினார்கள். புதைத்த பெயரை இனி லயத்தில் யாரும் வாய்விட்டுக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் குழி விழித்துக்கொள்ளும்.

வேலாயி நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனாள். தன்னைத் தானே கொல்லப் பார்ப்பது அன்றைய சட்டத்தில் குற்றம். கட்டிலருகே பொலிஸ்காரன் நின்றான். அந்த வார்டில் அழகரைப் போலவே கிடந்தவர்களில் பலர் மண்ணைக் கொத்துகிறவர்கள், அக்கம்பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்காரர்கள். ஒருவனின் உருளைக்கிழங்கு அழுகியிருந்தது, இன்னொருவனின் மிளகாய் கருகியிருந்தது. பாஷை தெரியாவிட்டாலும் அவர்கள் முகம் அவளுக்குத் தெரிந்த முகம்தான். பொலிஸ்காரன் புருஷன் பெயரைக் கேட்டான். வேலாயி வாயைத் திறக்கவில்லை. புருஷன் பெயரைக் கழுத்தில் தாலி ஏறிய நாள் முதல் அவள் வாயால் சொன்னதில்லை. பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த பெண்ணிடம் சாடை காட்டிச் சொல்லவும் அவளுக்கு வரவில்லை. கடைசியில் அழகரே தலையைத் தூக்கித் தன் பெயரை முனகினான்.

கோர்ட்டில் எச்சரித்து விட்டார்கள். லயத்தில் அவனை அப்படி விடவில்லை. பீலியடியில் அவன் வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். பிள்ளைகள் அவனை வாழைமரம் என்று கூப்பிட்டன. பெரியவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். பெரட்டில் சின்னராசா எல்லார் பெயரையும் கூப்பிட்டான், அழகர் பெயரை விட்டுவிட்டான். பெயர் கூப்பிடாதவனுக்கு வேலை இல்லை. அழகர் தினமும் வரிசைக் கடைசியில் போய் நின்றான், மம்பட்டியோடு திரும்பி வந்தான். ஒரு நாள் ஒரு பொடியன், “வாழமரம், நெருப்புக் குச்சி இருக்கா?” என்றான். அழகர், இருக்கு என்று எடுத்துக் கொடுத்தான். அந்தப் பெயருக்கு அவன் திரும்பிப் பார்த்ததை வேலாயி பார்த்தாள். அடுத்த தடவை லொறி வேண்டியிருக்காது, இவன் இப்படியே போய்விடுவான் என்று அவளுக்குத் தெரிந்துபோனது.

விடியற்காலையில் அவள் அவனுடைய மம்பட்டியை எடுத்துக்கொண்டு சுடுகாட்டுக்குப் போனாள். மண் இளகித்தான் இருந்தது. அழுகி, நாறி, துணியோடு ஒட்டிப்போயிருந்ததை இழுத்துப் போட்டு, பெரட்டுக் களம் வரை தரதரவென்று இழுத்து வந்தாள். சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு பிரிந்து வழிவிட்டது. சின்னராசாவின் காலடியில் போட்டாள்.

“நீங்க பொதச்ச பொணம் இந்தா இருக்கு. அவருக்குப் பேரு கூப்பிடுங்க கங்காணியாரே.”

சின்னராசா பின்னால் நகர்ந்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்ததும் தைரியம் வந்தது.

“யாருக்குக் கூப்பிடணும் புள்ள? பேரச் சொன்னாத்தானே கூப்பிட முடியும். எங்க, நீ சொல்லு பாப்பம்.”

பெண்கள் கூட வாயை மூடிச் சிரித்தார்கள். அவளால் முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். வரிசைக் கடைசியில் அழகர் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

“அழகரு,” என்றாள் வேலாயி. இன்னொரு தரம் சொன்னாள். “பெரியாயி மவன் அழகரு. எம் புருஷன்.”

சிரிப்பு நின்றது.

“குழி தெறந்து கெடக்கு. நீங்க கூப்பிடுற வரைக்கும் அப்பிடியேதான் கெடக்கும். அது யாரக் கேக்குதோ கேக்கட்டும்.”

கங்காணிக்கு மூன்று பிள்ளைகள். அவன் சுடுகாட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தான்.

“அழகர்.”

“இருக்கேங்க.”

சின்னராசா தோற்றுப்போய் விடுகிற ஆள் இல்லை. ஓடைப் பள்ளத்தில் மானாப்புல் வெட்ட அவனை அனுப்பினான். அங்கே ஒரு தேயிலைக் கன்றும் நடவில்லை. கோவா நின்ற இடத்தில் புல் ஆள் உயரம் வளர்ந்திருந்தது. அழகர் வேலாயியிடமிருந்து மம்பட்டியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான்.

வேலாயிக்கு அன்று மேல் மலையில் கொழுந்து பறிக்கிற வேலை. சாயங்காலம் நிறுக்கும்போது அவள் கூடை எடை குறைந்தது. பகல் முழுக்க எங்கே வாய் பார்த்துக்கொண்டு நின்றாய் என்று ஏசினான் சின்னராசா. அவள் திரும்பிப் பள்ளத்தைப் பார்த்தாள். வெட்டித் தாழ்ந்த புல்லுக்கு மேலே இன்னும் அவன் தலை தெரிந்தது.