நீர்மூழ்கி ஆட்டத்துக்கு அண்ணன் தந்த தீர்ப்பு

மாலையில் வீட்டுக்குள் நுழையும் என் அண்ணன் தியாகுவின் கைகளில் எலுமிச்சைத்தோல் மணக்கும். தோலை நகத்தால் கீறி உள்ளங்கை முழுதும் அழுத்தித் தேய்த்தால் எழுமே, கண்ணைச் சற்றே கரிக்கும் காரமான மணம், அது. ஆலைப் புகையும் கடற்காற்றின் உப்பும் கலந்து எந்நேரமும் ஒரே வாடை வீசிக்கொண்டிருந்த திருவொற்றியூரில், விளக்கு வைக்கும் வேளைக்கு வாசலில் அந்த மணம் எழுந்துவிட்டால் பாடப் புத்தகத்தை அப்படியே கவிழ்த்துவிட்டு நான் ஓடுவேன். அன்றைய ‘தீர்ப்பு’ வந்துவிட்டது என்று பொருள்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. எனக்குப் பதினோரு வயது, அண்ணனுக்குப் பதினெட்டு. நெடுஞ்சாலையை ஒட்டி வானொலிப் பெட்டி பழுதுபார்த்துவந்த ஒருவரை ஊரே ‘ரேடியோ நைனா’ என்று அழைத்தது. கப்பலில் வேலை பார்த்த அவருடைய மைத்துனர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கறுப்புப் பெட்டி ஒன்றை, கடையின் பின்னறையில் இருந்த தொலைக்காட்சியோடு அவர் இணைத்துவிட்டார். அதற்கு ‘டிவி கேம்’ என்று பெயர். திரையில் தோன்றும் பந்தை நாம் இங்கிருந்தே அடிக்கலாம் என்ற செய்தி பரவியதும் பள்ளி விட்டு வரும் பையன்களெல்லாம் அந்தப் பின்னறையில் அடைந்தார்கள். பெண்பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை என்பது யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆகவே அந்த ஆட்டங்கள் எத்தகையவை என்பதை நாங்கள் கேள்வியால்தான் அறிய முடிந்தது. எனக்கு அந்தக் கேள்விச்செல்வத்தை நாள்தோறும் கொண்டுவந்து தந்தவர் அண்ணன்.

“டென்னிஸு சுத்த பேஜாரு வடிவு,” என்று ஆரம்பிப்பார். “பச்சப் புல்லு மேல வெள்ள சட்ட போட்டுகினு ரெண்டு பேரு. இவன் அட்ச்சா அவன் அடிப்பான், அவன் அட்ச்சா இவன் அடிப்பான். எவனும் ஜெயிக்க மாட்றான், எவனும் தோக்க மாட்றான். நம்ம அப்பாவும் அம்மாவும் சண்ட போட்ற மாறியே கீது.”

கால்பந்து ஆட்டம் ‘ஷோக்கா’ இருந்தாலும் ஆட்டக்காரர்களின் முகம் தெளிவில்லை என்பது அவர் கருத்து. கார்ப் பந்தயத்தில் வளைவு வரும்போது வயிற்றைக் கலக்கும், ஆனால் போகப்போக ஊர் மாறுவதில்லை என்பதால் பாதி மதிப்புத்தான் தந்தார். பீரங்கி வண்டி ஆட்டத்தை ஒரே சொல்லில் ‘டப்பா’ என்று தள்ளிவிட்டார். பறக்கும் வாத்தைத் துப்பாக்கியால் சுடும் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டபோது குரலைத் தாழ்த்தி, “அது கலீஜு. உசுர கொல்றது. நம்ம வூட்டுக்கு ஆவாது,” என்றார். மரக்கறியன்றி வேறெதுவும் அடுப்பேறாத சைவக் குடும்பம் எங்களுடையது. அண்ணனின் நெறி தவறாத மனத்தை எண்ணி நான் பெருமிதம் கொண்டேன். ஆறாவது ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் தூணில் சாய்ந்துகொள்வார்.

“நீர்மூழ்கிதான் ஆட்டம். மத்ததெல்லாம் சும்மா. கடலுக்கு அடியில போய்கினே இருக்கலாம். மீனுங்க பக்கத்துல வந்து உன்ன பாத்துட்டு போவும். மேல கப்பல் போறது நெழலா தெரியும். வா, போ, இன்னா பண்றன்னு ஒர்த்தனும் உன்ன கேக்க முடியாது.”

என் தந்தையார் பகலில் ஆலையில் ஃபிட்டராக வேலை பார்த்தவர். மாலையில் கோயிலில் பதிகம் பாடும் அடியார் கூட்டத்தில் ஒருவர். என்னை ஒரு பாடலைப் பாட வைப்பதற்கு முன் அதன் ஒவ்வொரு சொல்லும் அந்த இடத்தில் ஏன் அமர்ந்திருக்கிறது என்று விளக்கிவிட்டுத்தான் பண்ணுக்குள் நுழைவார். அந்தப் பயிற்சியில் வளர்ந்த நான், அண்ணனின் தீர்ப்புகளையும் அதே பக்தியோடு மனனம் செய்தேன், மறுநாள் பள்ளியில் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தேன். இடைவேளை மணி அடித்ததும் என்னைச் சுற்றி ஒரு கூட்டம் கூடிவிடும். என் அடுத்த இருக்கைச் சரோஜா அதற்காகவே எனக்கு ஒரு பட்டம் சூட்டியிருந்தாள். “சொல்லு ஜட்ஜம்மா, இன்னிக்கு இன்னா தீர்ப்பு?”

அண்ணனைத் தம் ஆலையிலேயே தொழில் பழகுநராகச் சேர்த்துவிட அப்பா ஏற்பாடு செய்திருந்தார். அதற்கு முன்பாக மாலை நேரங்களில் மேற்பார்வையாளரிடம் போய்க் கொஞ்சம் கை பழக வேண்டும். அண்ணனோ இன்றைக்கு, நாளைக்கு என்று தட்டிக்கழித்துக்கொண்டே வந்தார். அந்தச் சமயத்தில் ஆலை நண்பர் ஒருவர் அப்பாவிடம், “இன்னா முதலியாரே, உங்க புள்ள தெனம் ராயபுரம் பஸ்ல தொங்கிகினு போறான், அங்க எதுனா வேல கெட்ச்சிதா?” என்று வழியில் கேட்டுவிட்டார். ராயபுரம் துறைமுகத்தை ஒட்டியது; துறைமுகத்துப் பக்கம் என்றாலே அப்பாவுக்கு அச்சம். அண்ணனைக் கூப்பிட்டு விசாரித்தார்.

“நானா? நான் நைனா கடைல கேம் ஆடினு இருக்கேன். வேணும்னா வடிவைக் கேளுங்க,” என்றார் அண்ணன்.

அப்பா அன்று மாலையே என்னைக் கோயிலுக்கு அழைத்துப் போனார். எங்கள் தலத்துக் கதை வெளியூராருக்குத் தெரியாமலிருக்கலாம். உன்னைப் பிரியேன் என்று ஒரு பெண்ணுக்கு ஆணையிட வந்த அடியார் ஒருவர், தாம் சன்னதியில் ஆணையிடும் நேரத்தில் இறைவன் மகிழமரத்தடிக்கு எழுந்தருளிவிட வேண்டும் என்று தந்திரமாக வேண்டிக்கொண்டார். இறைவனோ இசைவதுபோல் இசைந்துவிட்டு, மகிழடியிலேயே ஆணை கேள் என்று பெண்ணின் தரப்புக்குக் கனவில் அறிவித்துவிட்டார். பின்னாளில் அந்த ஆணையை மீறி ஊர் எல்லையைக் கடந்த அடியாருக்குக் கண்ணொளி போயிற்று. அதனால் எங்கள் ஊரில் சண்டையோ வழக்கோ வந்தால், சன்னதியில் சொன்ன சத்தியத்தைக்கூட யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். “மகிழடிக்கு வரியா?” என்பார்கள். வந்து சொல்லிவிட்டால் அத்தோடு பேச்சு முடிந்தது.

மரத்தடியில் நின்று அப்பா கேட்டார். “உங்க அண்ணன் சாயங்காலத்துல அந்த ரேடியோ கடையிலதான் இருக்கானா?”

“ஆமாப்பா, சத்தியமா.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

நான் ஆறு ஆட்டங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். டென்னிஸ் ஆட்டத்துப் பச்சைப் புல், வாத்துச் சுடுதல் நம் வீட்டுக்கு ஆகாது என்று அண்ணன் ஒதுக்கியது, கடலடியில் வந்து எட்டிப் பார்க்கும் மீன்கள் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணால் கண்டதை மட்டுமே ஆணையிட வேண்டும் என்று எனக்கு யாரும் கற்றுத்தந்திருக்கவில்லை. அண்ணன் சொன்னதை அண்ணன் சொன்னபடியே சொல்கிறேன், அதில் பொய் எங்கிருந்து வரும் என்றுதான் நினைத்தேன்.

அப்பாவின் முகம் மெல்ல இளகியது. “நீர்மூழ்கிகூட உண்டா? கெட்டுது போ,” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “சரிம்மா. மகிழடியில சொல்லிட்டே. இனிமே இதைப் பத்தி நான் யாரையும் கேக்கப்போறதில்ல,” என்றார். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

நவராத்திரி வந்தது. ரேடியோ நைனாவின் மனைவி கடைக்கு மேல்மாடியில் கொலு வைத்திருந்தார். பள்ளிச் சிறுமியர் எல்லாரையும் அழைத்திருந்தார். நான் ஒரு பதிகம் பாடினேன். சுண்டல் கொடுத்து முடித்ததும் அந்த அம்மாள் கணவரைப் பார்த்து, “பையனுங்க மட்டுந்தான் ஆடணுமா? இதுங்களுக்கும் ஒருவாட்டி உன் பொட்டிய காட்டுய்யா,” என்றார். எதிர்பாராமல் கதவு திறந்துவிட்டது. பின்னறைக்குள் போகும்போது சரோஜா என்னை முன்னால் தள்ளி, “வழி வுடுங்கடி, ஜட்ஜம்மா போறாங்க,” என்றாள்.

நைனா பொத்தானைத் தட்டினார். கறுத்த திரையின் நடுவே வெள்ளைக் கோடு ஒன்று தோன்றியது. இருபுறமும் தீக்குச்சியைப்போல் இரண்டு சிறு கோடுகள், நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. புள்ளி குச்சியில் பட்டதும் ‘டொக்’கென்று ஓர் ஒலி. அவ்வளவுதான்.

“இது எந்த ஆட்டம்?” என்று கேட்டேன்.

“டென்னிஸுதாம்மா.”

“இன்னாடி, பச்சப் புல்லு எங்க?” என்றாள் சரோஜா. “மாடு மேஞ்சுட்ச்சா?”

எல்லாரும் சிரித்தார்கள். நான் விடவில்லை, நீர்மூழ்கியைப் போடச் சொன்னேன். நைனா முதலில் விளங்காமல் விழித்தார், பிறகு கடை முகப்பின் கண்ணாடிப் பேழையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துவந்து காட்டினார். அதன் மேல் வண்ண வண்ணமாக ஆறு படங்கள். பச்சைப் புல்லின்மேல் வெண்சட்டைக்காரர்கள் இருவர், முகம் கலங்கிய கால்பந்து வீரர்கள், வளைவில் சாயும் கார், பீரங்கி வண்டி, பறக்கும் வாத்து. மூலையில், மீன்கள் சூழக் கடலடியில் செல்லும் நீர்மூழ்கி.

“இது சும்மா அட்டைல அட்ச்ச படம்மா. இந்த ஆட்டமெல்லாம் வேணும்னா வேற பொட்டி வாங்கணுமாம். நம்ம பொட்டில கீறது மூணுதான், மூணும் இந்தக் குச்சியும் பந்தும்தான். உனக்கு யாரு நீர்மூழ்கி சொன்னது?”

“எங்க தியாகு அண்ணன். தினம் இங்க வந்து ஆடுதே.”

“தியாகுவா? அது உள்ளாறயே வந்ததில்லையே. எதிர்ல பஸ்ஸுக்கு நிக்கும். பஸ்ஸு வர்ற வரிக்கும் இந்த அட்டையவே மொறச்சி பாத்துகினு நிக்கும். ராயபுரம் வண்டி வந்தா ஏறிப் பூடும்.”

என் முறை வந்தபோது குச்சியை நகர்த்தும் திருகியைக் கையில் கொடுத்தார்கள். மறுக்கத் தோன்றாமல் ஆடினேன். அண்ணன் பேஜார் என்று ஒதுக்கிய அந்த ஆட்டம் உண்மையில் நன்றாகவே இருந்தது என்பதை இங்கே நான் எழுதத்தான் வேண்டும். வேண்டாத எதுவும் அதில் இல்லை. புள்ளி வரும், நாம் அது வரும் இடத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் போய்விடும். அந்த ஒழுங்கும், ஒவ்வொரு முறையும் சற்றே விரையும் அந்த ஒலியும் என்னை இழுத்துப் பிடித்தன. கண் நிறைந்துவிட்டதால் புள்ளியை நெடுநேரம் காக்க முடியவில்லை.

அண்ணன் வரும்வரை வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். வந்தவரின் உள்ளங்கையை இழுத்து முகர்ந்தேன். தோல் மணத்துக்கு அடியில், அதுவரை நான் கவனித்திராத இன்னொரு வாடை இருந்தது. மீன்.

அவர் மறைக்கவில்லை. ராயபுரத்தில் கப்பல்களுக்கு உணவு அனுப்பும் ஓர் உணவகத்தின் சமையற்கட்டில் மீனும் இறைச்சியும் அரியப் பழகிவருவதாகவும், கப்பலில் சமையல் வேலைக்கு ஓர் ஆளிடம் சொல்லிவைத்திருப்பதாகவும் சொன்னார். “ஆலைல பூந்தா அப்பா மாறி அங்கயே கெடந்து சாவணும். என்னால ஆவாது.”

“எனக்கு ஏன் அண்ணே பொய் சொன்னே?”

“நான் சொன்னா அவரு நம்புவாரா? நீ சொன்னாத்தான் நம்புவாரு. அதுக்குத்தான உனக்கு டெய்லி அவ்ளோ கதை சொன்னேன்,” என்றார். சொல்லும்போது என் தலையை வேறு தடவிக்கொடுத்தார்.

மறுநாள் காலை, அப்பா திருநீறு தரித்துக்கொண்டிருந்த வேளையில் அவர் எதிரே போய் நின்றேன். உணவகம், மீன், கப்பல், அட்டைப்பெட்டி யாவற்றையும் சொல்லி முடித்தேன். திருநீற்றுக் கையோடு அவர் என் பக்கம் திரும்பினார்.

“மகிழடியில நின்னு சொன்னது பொய்யா?”

“எனக்குத் தெரியாதுப்பா. அண்ணன் சொன்னதத்தான் சொன்னேன்.”

“அந்த இடத்துல சொன்னது பொய்யா இருக்காது. அவன்கூட ஏதோ சண்ட போட்டுட்டு வந்து இப்படிப் பேசற. போ, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு.”

நான் பொய் சொன்னேன் என்பதைவிட, அந்த இடத்தில் ஒரு பொய் நின்றது என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அவர் யாரையும் கேட்கவில்லை. கேட்கப்போவதில்லை என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தாரே. விஜயதசமிக்கு மறுநாள் அண்ணனின் பாய் சுருட்டியபடியே இருந்தது; அவர் கப்பலேறிப் போய்விட்டார். அப்பா என்னை ஒரு சொல்கூடக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அதன்பின், பால்காரர் வந்துவிட்டார் என்று நான் சொன்னால்கூட அடுக்களைப் பக்கம் திரும்பி, “வந்துட்டாரா?” என்று அம்மாவை ஒருமுறை கேட்டுக்கொண்டுதான் எழுந்திருப்பார். இறுதிநாள்வரை அந்தப் பழக்கம் மாறவில்லை. அவர் முன் பதிகம் பாடும்போது மட்டும் என் குரலை முழுமையாக ஏற்றுக்கொண்டார். அந்தச் சொற்கள் என்னுடையவை அல்லவே.

கடந்த தை மாதம், அப்பாவின் திதிக்காக அண்ணன் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார். ரேடியோ நைனாவின் கடை இருந்த இடத்தில் இப்போது மெட்ரோ ரயிலின் தூண் நிற்கிறது. பேருந்து நிறுத்தம் தள்ளிப் போய்விட்டது. சரோஜாவின் குடும்பம் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. திதி முடிந்த மாலையில் அண்ணனின் பேரன் கைப்பேசியில் ஏதோ கடல் ஆட்டம் ஆடிக்கொண்டிருக்க, அதைச் சாக்கிட்டு நான் அந்த ஆறு தீர்ப்புகளையும், அவர் சொன்ன அதே சொற்களில், வரிசை மாறாமல் சொன்னேன்.

“நானா சொன்னேன்?” என்று சிரித்தார். “சத்தியமா எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல வடிவு. நீ எதயாவது கனவுல கண்டிருப்ப.”

பிறகு சுவரில் மாலையிட்டிருந்த அப்பாவின் படத்தைப் பார்த்துக்கொண்டு, சொன்னார். “ஆனா ஒண்ணு. எங்க போற, எங்க வரன்னு அப்பா என்ன ஒருவாட்டிகூட கேட்டதில்ல. அவ்ளோ நம்பிக்க என்மேல. உன்மேலகூட அவருக்கு அந்த அளவு கெடையாது, இல்ல?”

இல்லை அண்ணே என்று சொல்லிவிட்டு, காப்பிக்குப் பால் வைக்க உள்ளே போனேன்.