ஒன்பது கிராம் ஈயம்

என் அப்பா மைக்கேல்ராஜ் தோற்றதற்கு எங்கள் வீட்டில் ஒரே காரணம்தான் சொல்லப்பட்டது. கஞ்சி. போட்டிக்குக் கிளம்பிய அன்று என் அம்மா பாக்கியம் கொடுத்த ஒரு சொம்புக் கஞ்சி.

1998இல் நடந்தது. நான் பிறப்பதற்கு ஒரு வருடம் முன்பு. அப்பா கள்ளக்குறிச்சியில் ஒரு மக்காச்சோள மண்டியில் மூட்டை தூக்கினார். கல்வராயன் மலையிலிருந்து லாரி வந்தால் வேலை. வராத நாளில் குத்துச்சண்டை. விடியற்காலையில் கச்சிராயபாளையம் ரோட்டில் மலையடிவாரம் வரை ஓடிவிட்டு வந்துதான் மண்டிக்குப் போவார். 57 கிலோப் பிரிவு. அதுவரை முப்பது ஆட்டம் ஆடி இருபத்தாறில் ஜெயித்திருந்தார்.

ஏன் ஜெயித்தார் என்பதற்குக் காரணங்கள் இருந்தன. உயரம் 167 சென்டிமீட்டர், இரு கைகளையும் விரித்தால் 178. நானே அளந்திருக்கிறேன். எதிராளியின் கை எட்டாத இடத்தில் நின்றுகொண்டு அவரால் அடிக்க முடியும். இடது கைக்காரர். லாரிப் பலகையில் மூட்டையோடு ஏறி இறங்கிய கால்கள், சறுக்காது. நூறு கிலோவைச் சுமந்துகொண்டே பேசுகிற மூச்சு. இத்தனையும் அந்த வருடம் மெட்ராஸில் நடந்த மாநிலப் போட்டிக்குப் போயின. முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. தேர்வு செய்கிறவர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

காலை எடை பார்க்கும்போது 57.9 காட்டியது. குறைக்க ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். அப்பா பிளாஸ்டிக் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினார். புளியங்கொட்டையை வாயில் போட்டு எச்சிலைத் துப்பிக்கொண்டே ஓடினார். கடைசி ஐந்து நிமிடத்தில் 57 வந்தது. மதியம் ஒரு திருச்சிக்காரனோடு ஆட்டம். முதல் சுற்று அவருடையது. இரண்டாவதில் ஆடுசதை பிடித்துக்கொண்டது. மூன்றாவதில் கை கீழே இறங்கிவிட்டது. அதன்பிறகு எல்லா அடியும் தலையில். நடுவர் நிறுத்தினார், தாமதமாக.

வீட்டுக்கு வந்து பையை வைத்ததும் அவர் சொன்னது: "உன் கஞ்சிதான்டி."

அதற்குப் பிறகு அப்பா, அம்மா கையால் எதையும் வாங்கிச் சாப்பிடவில்லை. சண்டை கிடையாது, கைநீட்டியதும் கிடையாது. அம்மா ஆக்கி வைத்துவிட்டு அடுப்படியை விட்டு வெளியே வந்துவிடுவார். அப்பா உள்ளே போய், தட்டை எடுத்து, தானே போட்டுக்கொண்டு சாப்பிடுவார். எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று பத்து வயது வரை நினைத்தேன்.

விசேஷ வீடுகளில் அதையே வேடிக்கையாகவும் சொல்வார்.

"அந்தத் திருச்சிக்காரன் என்னை இன்னா அடிச்சான்? அடிச்சது இவதான்பா. ஒரே சொம்பு. காலி!"

"அப்போ தங்கச்சிக்கில்ல மெடல் குடுத்திருக்கணும் மச்சான்!"

எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பார்.

அப்பா இன்னும் நாலு வருடம் ஆடினார். வேலை வரவில்லை. நாற்பத்தைந்து வயதில் கை நடுங்க ஆரம்பித்தது, பேச்சு இழுத்தது. பழைய அடிகள் என்றார் டாக்டர். மூட்டை போய், ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன் ஆனார்.

நான் டிப்ளமா படித்தேன், கருவியியல். எடைத் தராசுகளைப் பழுதுபார்த்துச் சரிபார்க்கும் கம்பெனியில் வேலை. போன வருடம் நவம்பரில் அப்பா வேலை செய்த அதே மண்டிக்கு அனுப்பினார்கள். புது எலக்ட்ரானிக் தராசை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, கிடங்கு மூலையில் பழைய பிளாட்பாரத் தராசு நின்றது. அப்பா போட்டிக்கு முன் தினமும் ஏறி எடை பார்த்தது அதில்தான். என்னிடம் அரசு முத்திரையிட்ட எடைக்கற்கள் இருந்தன. இருபது கிலோக் கல்லாக மூன்று ஏற்றினேன். அறுபது காட்ட வேண்டும். 59.1 காட்டியது.

எடைக்கல் தொங்கும் கொக்கியில் கம்பியைச் சுற்றி ஒரு துண்டு ஈயம் இருந்தது. கழற்றி நிறுத்தேன். ஒன்பது கிராம். அந்த வகைத் தராசில் நூற்றுக்கு ஒன்று கணக்கு. கொக்கியில் ஒன்பது கிராம் கூடினால் மேடையில் தொள்ளாயிரம் கிராம் குறைத்துக் காட்டும்.

எடைபோடும் ராஜாங்கம் பெரியப்பா இன்னும் அங்கேதான் இருந்தார்.

"இது எப்பலேருந்து இருக்குது பெரியப்பா?"

"அது சாக்குக் கழிவும்மா. ஒவ்வொரு மூட்டைக்கும் சாக்கு எடையக் கழிச்சிக்கினு இருந்தா ஆவுமா? மொதலாளி ஈயத்தக் கட்டிட்டாரு. ஒங்கப்பன் வேலைக்கி வர்றதுக்கு முன்னயே கட்டினது. மண்டியில எல்லாருக்கும் தெரியும்."

"மெட்ராஸுக்குப் போற அன்னிக்கும் அப்பா இதுலயா ஏறினாரு?"

"பின்ன? கஞ்சி குடிச்சிட்டு நேரா இங்கதான வந்தான். அம்பத்தேழரைன்னு நான்தான் பாத்துச் சொன்னேன். காலைல அரைக் கிலோ தானா எறங்கிடும்ணே, சரியாப் போச்சுன்னு குதிச்சிக்கினு பஸ் ஏறினான்."

ஏறியது மூட்டை இல்லை, மனுஷன். அவன் மேல் சாக்கு இல்லை. அது யாருக்கும் தோன்றவில்லை.

ராஜாங்கம் சொன்னதை எழுதிப் பார்த்தேன். கஞ்சி குடித்த பிறகு 57.5. இரவில் அரைக் கிலோ குறைந்தால் 57.0. மெட்ராஸில் காட்டியது 57.9. வித்தியாசம் தொள்ளாயிரம். கஞ்சி அவருடைய கணக்கில் ஏற்கெனவே இருந்தது. கணக்கில் இல்லாதது ஈயம் மட்டும்.

அந்தத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அப்பா ஒருவேளை, ஒரே ஒருவேளை, அம்மா கையால் வாங்கிச் சாப்பிட வேண்டும். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொல்லி ஈயத்தை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"தெரியும்டி," என்றார்.

"இன்னா தெரியும்?"

"மெட்ராஸ்ல ஏறினேன். முள்ளு போயி நின்ன எடத்தப் பாத்தேன். சரியா ஒரு சாக்கு எட ஜாஸ்தி. அப்பவே தெரிஞ்சிபோச்சி." வார்த்தை இழுத்து இழுத்து வந்தது. "நாலு வருசமா அதுல நான்தான மூட்ட ஏத்துனேன். வெளில சொன்னா இன்னா சொல்லுவானுங்க? மண்டிக்காரன், கழிவு தெரியாம ஏறினான், கேனப்பயன்னு சிரிக்க மாட்டானுங்க?"

"அப்போ அம்மா?"

"ஒங்கம்மா ஒண்ணும் கேக்கலையே."

நான் எழுந்துவிட்டேன். அவர் என் கையைப் பிடித்தார். பிடியில் இன்னும் பலம் இருந்தது.

"அவகிட்ட சொல்லாத, ஜூலியா. நானே சொல்றேன்."

ஏழு மாதம் அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வாராவாரம் ஊருக்குப் போனேன். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வருவதையும் அப்பா உள்ளே போவதையும் பார்த்தேன். அவரே சொன்னால்தான் முறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜூனில் குளியலறையில் விழுந்தார். தலைக்குள் ரத்தக்கசிவு. நினைவு திரும்பாமலே மூன்றாம் நாள் போய்விட்டார்.

முப்பதாம் நாள் பூசைக்குக் கிளம்பும் முன் அம்மா ஒரு தட்டில் சோறும் கோழிக்குழம்பும் போட்டு அப்பா படத்துக்கு முன்னால் வைத்தார். முகத்தில் ஒரு வெட்கம் இருந்தது.

"இன்னிக்காவது வேணான்னு சொல்ல மாட்டாரு."

பூசை முடிந்து, அப்பா பழகிய ஷெட்டில் குத்துச்சண்டைச் சங்கத்தார் நினைவுக் கூட்டம் வைத்திருந்தார்கள். செயலாளர் தெய்வசிகாமணி பேசினார். இந்த விளையாட்டில் ஜெயிக்க மூன்று வேண்டும்: கால், மூச்சு, மனசு. மைக்கேலிடம் மூன்றும் இருந்தன. வாயைக் கட்டத்தான் தெரியவில்லை என்றார். முன்வரிசையில் இருந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். "ஜெயிக்கிறதுக்கு எது முக்கியம்னு நீயும் பசங்களுக்கு ரெண்டு வார்த்த சொல்லும்மா," என்று தெய்வசிகாமணி என்னைக் கூப்பிட்டார்.

"மண்டித் தராசுல எடை பாக்காதீங்க," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ராஜாங்கம் சிரிக்கவில்லை. அம்மாவும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அம்மா கேட்டார்.

"தராசுக்கு இன்னா?"

சொன்னேன். சாக்குக் கழிவு, ஈயம், தொள்ளாயிரம் கிராம். பிறகு அப்பாவுக்கு அது தெரிந்திருந்தது என்பதையும் சொன்னேன்.

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"அன்னிக்கி மூட்ட தூக்கறப்ப மயங்கி உழுந்துட்டாருடி. ரெண்டு நாளா ஒண்ணும் துன்னல. சூடா இருந்தா குடிக்க மாட்டாருன்னு வாசல்ல வச்சி ஆத்திக் குடுத்தேன்."

படத்துக்கு முன்னால் இருந்த தட்டை எடுத்தார். சோறு ஆறி, குழம்பின் மேல் எண்ணெய் உறைந்திருந்தது. அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். எலும்பை உறிஞ்சி ஓரமாக வைத்தார். எழுந்து அடுப்படிக்குப் போய்த் தட்டைக் கழுவி, என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"நவம்பர்ல."

"அவுரு இருக்கும்போது."

"ஆமா."

அம்மா அடுப்படியை விட்டு வெளியே வந்து, எனக்கு வழிவிட்டு நின்றார்.

"பானையில இருக்குது. போட்டுக்கோ."