ஆறாவது அரிசிப் பை

குவேக்கர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டுக் கராஜுக்குள் மாமாவின் கார் நிற்கும். அப்பாவின் கார் வெளியே மழையில் நனையும். மாமா அம்மாவின் ஒரே தம்பி. எங்களோடுதான் இருந்தார். கடினமான ஸ்பிரிங் போட்டுக் காரைத் தரையோடு தரையாக இறக்கி, அகலமான சக்கரங்களை மட்கார்ட் விளிம்புவரை தள்ளி, அவற்றின் தலையைச் சற்று உள்ளே சாய்த்து வைத்திருந்தார். அப்போதுதான் வளைவில் ரோட்டைப் பிடிக்குமாம். ஹெலன்ஸ்பர்க் கோவிலுக்கு அதில் போனால், கோபுரம் தெரிவதற்கு வெகு முன்பே அம்மா கும்பிடத் தொடங்கிவிடுவார். எனக்கோ பள்ளிக்கூட வாசலில் அந்தக் காரிலிருந்து இறங்குவதைவிடப் பெரிய பெருமை கிடையாது.

என் ஒன்பதாவது வயதில் அம்மாவின் வயிற்றிலிருந்து ஒரு கட்டியை வெட்டி எடுத்தார்கள். இனி மருந்து ஏற்றினால் சரியாகிவிடும் என்று எனக்குச் சொன்னார்கள். நானும் அதோடு விட்டுவிட்டேன். அப்பாவுக்குக் காலை ஷிஃப்ட். ஆஸ்பத்திரிக்கு மாமாதான் கூட்டிப்போனார். முதல் நாள் திரும்பி வந்தபோது அம்மாவால் காரைவிட்டு உடனே இறங்க முடியவில்லை. வழியிலிருந்த வேகத்தடை ஒவ்வொன்றும் தையலில் இடித்திருக்கிறது. வயிற்றை ஒரு கையால் பிடித்தபடிதான் இறங்கினார்.

அந்தச் சனிக்கிழமையே மாமா காரை ஜாக்கியில் ஏற்றினார். இரண்டு வருஷமாகப் பார்த்துப் பார்த்துச் செய்ததையெல்லாம் கழற்றிவிட்டு, பழைய மெத்தென்ற ஸ்பிரிங்கையும் ஒடுங்கிய சக்கரங்களையும் மாட்டினார். கார் ஊரிலுள்ள எல்லாக் கார்களையும் போல எழும்பி நின்றது. எனக்கு அழுகையே வந்தது.

ஆள் ஏறினால் கார் அமிழும், சக்கரத்தின் சாய்வும் மாறும். அதனால் அந்தச் சாய்வை அளந்து சரிசெய்யும் அலைன்மென்ட் பார்க்கும்போது இருக்கையில் அந்த ஆளின் பாரம் இருக்கவேண்டும். மற்றவர்கள் மணல்மூட்டை வைப்பார்களாம். எங்கள் வீட்டில் அரிசிக்குப் பஞ்சமில்லை.

"அக்கா, எத்தினை கிலோ இருப்பியள்?"

"பொம்பிளையளிட்டைக் கேக்கிற கேள்வியோடா இது? அறுவது."

பத்துக் கிலோப் பைகள் ஆறு அம்மாவின் இருக்கையில் ஏறின. தன் பக்கத்துக்கு மாமா உடற்பயிற்சி இரும்புகளை அடுக்கினார். பைகளை எண்ணிச் சொன்னது நான். எவ்வளவு கோபம் இருந்தாலும் கணக்கில் பிழை விடமாட்டேன்.

மூன்று மாதம் கழித்து இன்னும் மெல்லிய ஸ்பிரிங் வாங்கிவந்து மாட்டினார். இந்த முறை ஐந்து பைகளோடு நிறுத்திவிட்டார்.

"ரோங், மாமா. போனமுறை சிக்ஸ்."

"இந்த முறை ஐஞ்சு காணும்."

அளவுநாடா எடுக்க அவர் உள்ளே போன நேரம், ஆறாவது பையை நானே இழுத்துவந்து, மூச்சுவாங்க மற்றவற்றின் மேல் ஏற்றிவிட்டேன். திரும்பி வந்தவர் ஏசுவார் என்று நினைத்தேன். பையை இறக்கக் கை வைத்தவர், இறக்காமல் அதை நேராக்கி வைத்தார்.

"சரி, ஆறே இருக்கட்டும்," என்றார்.

நான்கு சக்கரங்களையும் ஒருமுறைக்கு இருமுறை அளந்தார். என்னைப் பார்க்கவேயில்லை.

ஒவ்வொரு முறையும் மருந்து ஏற்றுமுன் ஆஸ்பத்திரியில் அம்மாவை நிறுப்பார்கள் என்பதும், மாமா பக்கத்தில் நின்று அந்த எண்ணைப் பார்ப்பார் என்பதும் வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அம்மா அந்த அறுபதுக்குத் திரும்பி வரவேயில்லை.

பையை ஏற்றிய அன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் என் வெற்றியை எல்லோர் முன்னிலும் சொன்னேன்.

"அம்மா, நீங்கள் சிக்ஸ் பாக். மாமா ஃபைவ்தான் வச்சவர். நான்தான் சரியாக்கினனான்."

அப்பா தூக்கிய தண்ணீரைக் குடிக்காமலே கீழே வைத்தார். மாமா நிமிரவில்லை. அம்மா தம்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஓம் பிள்ளை, நீ சொன்னதுதான் சரி."

பாதிக்குமேல் மிச்சம் விட்டுத் தள்ளிவைத்திருந்த தட்டைத் திரும்பத் தன்பக்கம் இழுத்து, இன்னும் ஒரு கரண்டி சோறு போடச் சொன்னார். அம்மாவுக்கு நல்ல பசி என்று நினைத்து நான் இரண்டு கரண்டி போட்டேன்.