வெயிலில் விரித்த பிலிம்

எனக்கு வயது எண்பது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மீன்கூடை சுமந்து வளர்த்தேன். ஒருவர் வாசலிலும் கை நீட்டியதில்லை. அந்த ஐவரில் மூத்தவன் ஏழுமலையின் படிப்பைக் கெடுத்தவள் நான்தான். கேட்டுக்கொள்ளுங்கள்... நான்தான்!

அவன் படித்தது மெட்ராஸில், சினிமாப் படிப்பு. பழவேற்காட்டு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்திலிருந்து அப்படி ஒரு படிப்புக்குப் போனவன் அவன் ஒருவன்தான். கூடப் படித்தவன் காதர். பழவேற்காடு டவுனில் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. இவன் சொல்ல, அவன் கேமரா பிடிப்பான். கடைசி வருடப் பரீட்சைக்கு இருவரும் சேர்ந்து ஒரு சின்னப் படம் எடுத்துக் காட்ட வேண்டுமாம்.

ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று எங்கள் ஊரில் ஆண்டுக்கு ஒருமுறை சீட்டுப் போட்டுப் பிரிப்பார்கள். அதைப் பாடு என்போம். அந்தச் சீட்டு நாளைத்தான் எடுப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றான் ஏழுமலை.

"இன்னாடா இது, ஈரோயினி இல்லாத சினிமாவா?" என்று பெரியவர்கள் சிரித்தார்கள்; முதலில் ஒப்பவில்லை. அப்புறம் அவன் நைனா முகத்துக்காக இறங்கிவந்தார்கள். "இந்த ஒரு தபாதான். இனிமே கேமராவ எத்துகினு வந்தா ஏரிலதான் போடுவோம்!"

எடுத்தார்கள். சீட்டு முடிந்து ஏரியில் படகுகளையும் படம்பிடிக்கப் போனவர்கள் மத்தியானம் நனைந்து திரும்பினார்கள். பிலிம் டப்பாக்களும் நனைந்திருந்தன. ஏழுமலை அவற்றைத் துடைத்து என்னிடம் கொடுத்தான். "தொறக்காதம்மா" என்றான். இருவரும் அடித்துப்போட்டதுபோல் தூங்கினார்கள்.

நான் கேட்டேனா?

உப்புத்தண்ணீரில் நனைந்ததை மூடிவைத்தால் கெட்டுப்போகும். வலையோ, மீனோ, துணியோ, முதலில் வெயிலைக் காட்டு... எனக்குத் தெரிந்த பாடம் அது. ஏரித்தண்ணீரைப் பற்றி எனக்கா சொல்கிறான் என்ற திமிர்! ஒவ்வொரு டப்பாவையும் சுற்றி ஒட்டியிருந்த கறுப்பு நாடாவைப் பிரித்தேன். சுருள்களை அவிழ்த்து, கருவாடு காயும் பாயில் நீளமாக விரித்தேன். ஒரு படமும் தெரியவில்லை. பாவிப் பசங்கள், ஒன்றுமே பிடிக்காமல் வந்துவிட்டார்களே என்று அவர்களைத்தான் நொந்துகொண்டேன். காய்ந்ததும் பழையபடி சுற்றி ஒட்டிவைத்தேன்.

டப்பாக்களோடு மெட்ராஸ் போன மகன் சில நாள் கழித்து வந்தான். முகத்தில் ரத்தமில்லை.

"அத்தனையும் போச்சிம்மா. பிலிம கழுவிப் பாத்தா ஒண்ணுமில்ல. வெளிச்சம் பட்டா அவ்ளோதான். கறுப்புப் பையில கைய வுட்டு, கேமராலருந்து டப்பாவுக்கு பிலிம மாத்துனவன் காதர்தான்... அவன்தான் கெடுத்துட்டான்."

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வாய் திறந்தேனா? இல்லையே!

பின்னாலேயே காதர் வந்தான். "அம்மா, நான் சரியாத்தான் மாத்துனேன். நீங்களாவது சொல்லுங்கம்மா." என் கையால் இறால் குழம்பு கேட்டு வாங்கித் தின்ற பிள்ளை! அவனிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "உன் கைய நம்பி எம்புள்ள பொழப்பு போச்சே. எழுந்து போடா!" மகன் கண் என் பக்கம் திரும்பிவிடக் கூடாதே என்று உரக்கவே சொன்னேன்.

காதர் எழுந்தான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்து போனான்.

ஊர் மறுபடி கேமராவை விடவில்லை. ஏழுமலை படிப்பை விட்டுவிட்டு நைனாவோடு வலைக்குப் போனான். இன்றுவரை ஒரு சினிமா பார்த்ததில்லை. காதரும் படிப்பை விட்டுச் சவுதிக்குப் போனான். அங்கேயே ஒரு விபத்தில் இறந்தான்.

அதற்குப் பிறகும் அவன் அம்மா வாசலில் நான் மீன் விற்றேன்... ஒருநாள் அந்த அம்மாள், "உங்க புள்ள ஒரு வார்த்த பேசியிருந்தா எம்புள்ள அவ்ளோ தூரம் போயிருக்கமாட்டான்" என்றாள். நான் நல்ல மீனாகப் பொறுக்கி அவள் தட்டில் போட்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது!

பயத்தாலா வாயை மூடினேன்? பயமென்றால்கூடப் பரவாயில்லை. "அவ சொன்னா தப்பாது" என்று ஊரில் பெயர் எடுத்தவள் நான். அந்தப் பெயருக்கு இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தேன்.

நீங்கள் என்னை மன்னிக்க வேண்டாம். மன்னிக்க வேண்டியவர்களில் ஒருவன் மண்ணுக்குள்... இன்னொருவன் இதோ, வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கிறான்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் அவன் மகள். காதர் பேச்சு வந்த இடத்திலிருந்து அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. முழுதும் எழுதினாளா, பாட்டி பெயரைக் காக்க எதையாவது விட்டுவிட்டாளா... எழுத்துக்கூட்டிப் படிக்கிற எனக்கு எப்படித் தெரியும்?

படிம்மா. மொதல்லருந்து படி. மெதுவா வேணாம்... உங்கப்பன் காதுல வுழணும்.